வீட்டுச் சேமிப்புப் பெட்டியும் காப்புப் பிரதிகளும்

மழைமானியில் ஒரு நாள் காலை 8.30 மணிக்கு அளக்கப்படும் மழையளவை மறுநாள் மீண்டும் அளக்க இயலாது. பூச்சி தாக்கிய ஒரு வயலின் நிலையும், ஒரு கிணற்றின் கோடைக்கால நீர்மட்டமும், மாணவர்கள் முதன்முறையாகச் செய்துகாட்டிய ஒரு பரிசோதனையின் படமும் அத்தகையனவே. அந்த நேரம் கடந்தபின் அவற்றைப் பற்றிய பதிவு ஒன்றே எஞ்சுகிறது. அப்பதிவும் அழிந்துவிடின், அதை மீண்டும் உண்டாக்க எந்த யந்திரத்தாலும் முடியாது.

முன்னாளில் இத்தகைய குறிப்புகள் களப் புத்தகத்தில் மையினால் எழுதப்பட்டு அலமாரியில் வைக்கப்பட்டன. இன்று அவற்றிற் பெரும்பகுதி கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருக்கிறது. களப்பணியாளர் எடுத்த புகைப்படங்கள், ஆசிரியர் பல ஆண்டுகளாகத் தயாரித்த பாடக் குறிப்புகள், வினாத்தாள்கள், செய்முறைக் காட்சிகளின் படப்பதிவுகள் ஆகியவற்றோடு குடும்பப் புகைப்படங்களும் பத்திரங்களின் நகல்களும் அங்கேயே சேர்ந்திருக்கின்றன. கைப்பேசி கைதவறி நீரில் விழுந்தால் பத்தாண்டு உழைப்பு ஒரு நொடியில் மறைந்துவிடக் கூடும்.

இணையத்தின் வழியாகப் பிற நிறுவனங்களின் கணினிகளில் பதிவுகளைச் சேமித்து வைப்பது ஒரு வழியாகும். ஆனால் அதன் நிபந்தனைகள் மாறக் கூடியவை. கூகுள் நிறுவனம் புகைப்படங்களை வரம்பின்றி இலவசமாகச் சேமித்துவைக்க அளித்திருந்த வசதி 2021 ஜூன் 1 முதல் நிறுத்தப்பட்டது. அதன் பின் சேர்க்கப்படும் படங்கள் பொதுவாக 15 ஜிகாபைட் இலவச அளவினுள் கணக்கிடப்படுகின்றன. இக்காரணம் பற்றியும், தம் பதிவுகள் தம் வசமே இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தாலும், வீட்டிலேயே ஒரு சேமிப்புப் பெட்டியை அமைத்துக்கொள்ள விரும்புவோர் பலர். கடைகளில் இது ‘நாஸ்’ என்னும் பெயரால் விற்கப்படுகிறது. இதனைத் தேர்ந்தெடுக்கும் முறையும், இதனால் ஆவதும் ஆகாததும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

எதனின்று பாதுகாப்பது?

ஒரு சாதனத்தை வாங்குமுன் அது எந்த ஆபத்தைத் தடுப்பதற்காக வாங்கப்படுகிறது என்பதைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். பதிவுகளுக்கு நேரும் இழப்புகளை நால்வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, யந்திரம் பழுதாதல். ‘ஹார்டு டிஸ்க்’ எனப்படும் வன்தட்டு, உள்ளே சுழலும் பாகங்களைக் கொண்ட யந்திரம். 1956 செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த முதல் தட்டுச் சேமிப்பு யந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளையே தாங்கின. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு வன்தட்டு அதைப்போல் பல லட்சம் மடங்கு தாங்குகிறது. ஆயினும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. வேகமாகச் சுழலும் தட்டின் மேல், தலைமயிரின் பருமனைவிட மிகக் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. தேய்மானத்தாலோ அதிர்ச்சியாலோ இவ்வமைப்பு ஒரு நாள் பழுதாவது திண்ணம். அந்த நாள் எது என்பதுதான் முன்கூட்டித் தெரிவதில்லை.

இரண்டாவது, மனிதத் தவறு. வேண்டாதது என எண்ணி ஒரு கோப்புறையை அழித்துவிடுதல், பழைய கோப்பின் மேல் புதிதை எழுதிவிடுதல் முதலியன இதிற் சேரும்.

மூன்றாவது, இடத்திற்கே நேரும் விபத்து. திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவை வீட்டிலுள்ள எல்லாச் சாதனங்களையும் ஒருங்கே அழிக்க வல்லவை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை இங்கு நினைவுகூரலாம். ஒரே மேசையின் மேல் வைக்கப்பட்ட மூலமும் பிரதியும் அத்தகைய வெள்ளத்தில் ஒன்றாகவே நனையும்.

நான்காவது, தீய நிரல்கள். ‘ரான்சம்வேர்’ எனப்படும் நிரல் கணினியிலுள்ள கோப்புகளை எவரும் படிக்க இயலாதவாறு பூட்டிவிட்டு, திறவுகோலுக்குப் பணம் கேட்கிறது. கணினியோடு இணைக்கப்பட்டிருக்கும் சேமிப்புப் பெட்டியின் கோப்புகளையும் அது பூட்டிவிடக் கூடும்.

இந்நான்கையும் ஒரே பெட்டி தடுத்துவிடும் என்று எண்ணுவதே பலர் செய்யும் தவறாகும்.

பெட்டியின் அமைப்பு

வீட்டுச் சேமிப்புப் பெட்டி என்பது திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு சிறு கணினியேயாகும். வன்தட்டுகளைச் செருகுவதற்கு அதில் ஒன்றோ, இரண்டோ, நான்கோ அறைகள் இருக்கும். பெட்டி ஒரு கேபிளினால் வீட்டு ரவுட்டருடன் இணைக்கப்படுகிறது. அதன்பின் அவ்வீட்டிலுள்ள மடிக்கணினிகளும் கைப்பேசிகளும் கம்பியில்லா இணைப்பின் வழியாகவே அதில் எழுதவும் படிக்கவும் கூடும். யு.எஸ்.பி. வழியாகச் செருகும் வெளித்தட்டு ஒரு சமயத்தில் ஒரு கணினிக்கே பயன்படும். இப்பெட்டியோ எப்பொழுதும் விழித்திருந்து, வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவாய்ப் பணிசெய்கிறது.

விழித்திருத்தலே இதன் சிறப்பு. காப்புப் பிரதி எடுக்கும் வேலையை மனிதனின் நினைவுக்கு விட்டால் அது சில வாரங்களில் நின்றுவிடும். பெட்டியோ, கைப்பேசி வீட்டுக்குள் வந்ததும் அன்றைய படங்களைத் தானே நகலெடுத்துக்கொள்ளுமாறு அமைக்கக் கூடியது.

இரட்டைத் தட்டு செய்வதும் செய்யாததும்

இரண்டு அறைகளுள்ள பெட்டியில் ஒரே அளவுள்ள இரு தட்டுகளைச் செருகி, ஒன்றில் எழுதுவன அனைத்தும் மற்றதிலும் அப்பொழுதே எழுதப்படுமாறு அமைக்கலாம். பல தட்டுகளை இவ்வாறு இணைத்து ஆளும் முறைகளுக்கு ‘ரெய்டு’ என்பது பெயர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையால் இப்பெயர் பரவிற்று. மேற்கூறிய இரட்டை முறை ரெய்டு 1 எனப்படும். இதில் 4 டெராபைட் தட்டுகள் இரண்டைப் பொருத்தினாலும் பயனுக்குக் கிடைப்பது 4 டெராபைட்டே. நான்கு அறைகளுள்ள பெட்டியில் ரெய்டு 5 என்னும் முறையைக் கையாண்டால், நான்கில் மூன்று தட்டுகளின் அளவு பயனுக்குக் கிடைக்கும். ஏதேனும் ஒரு தட்டு பழுதானாலும் பதிவுகள் நிலைக்கும்.

இதன் பயன் பெரிதே. ஒரு தட்டு பழுதானாலும் வேலை நிற்பதில்லை. பழுதானதை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால், பெட்டி தானே அதனை நிரப்பிக்கொள்கிறது. எனினும் இது மேற்கூறிய நான்கு ஆபத்துகளில் முதலாவதை மட்டுமே தடுக்கிறது. ஒரு கோப்பு தவறுதலாக அழிக்கப்பட்டால், அது இரு தட்டுகளிலிருந்தும் அதே நொடியில் அழிகிறது. தீய நிரல் பூட்டினால் இரண்டும் பூட்டப்படுகின்றன. பெட்டியைத் திருடியவன் இரண்டையும் எடுத்துச் செல்கிறான். ஆதலின் இரட்டைத் தட்டைக் காப்புப் பிரதி என்று கருதுதல் கூடாது. ஓர் ஏட்டின் அடியில் மைத்தாள் வைத்து எழுதுவது போன்றது அது. மேல் ஏட்டில் எழுதிய பிழை கீழேட்டிலும் அப்படியே படியும்.

மனிதத் தவறுக்கும் தீய நிரலுக்கும் ஓரளவு மாற்றாக அமைவது ‘ஸ்னாப்ஷாட்’ எனப்படும் நிலைப்பதிவு முறை. குறித்த நேரந்தோறும் கோப்புகள் இருந்த நிலையைப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னர் மாறியவற்றுக்கு மட்டுமே கூடுதல் இடம் தேவைப்படுகிறது. இன்று அழிந்துபோன கோப்பை நேற்றைய நிலைப்பதிவிலிருந்து மீட்டுவிடலாம். பிடிஆர்எப்எஸ், இசட்எப்எஸ் என்னும் கோப்பு முறைகளில் இவ்வசதி உண்டு. எழுதப்பட்ட பதிவு நாளடைவில் சிதைந்துள்ளதா என்பதைச் சரிபார்க்கும் ஆற்றலும் அவற்றுக்கு உண்டு. பெட்டி வாங்கும்பொழுது இவ்விரண்டில் ஒன்றையேனும் அது ஏற்குமா என்று கேட்டறிதல் நன்று.

மூன்று பிரதிகள்

பீட்டர் கிரோக் என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரவச் செய்த ஓர் எளிய விதி, 3-2-1 விதி என்று வழங்குகிறது. முக்கியமான ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். அவை இரு வகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்கவேண்டும் என்பதே அவ்விதி.

இதனை நடைமுறையில் கொள்வது அரிதன்று. மடிக்கணினியில் உள்ளது முதற் பிரதி. வீட்டுப் பெட்டியில் உள்ளது இரண்டாவது. பெட்டியிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு வெளித்தட்டில் நகலெடுத்து, அதனை உறவினர் வீட்டிலோ, வங்கிப் பெட்டகத்திலோ வைத்தால் அது மூன்றாவது. இரு வெளித்தட்டுகளை வைத்துக்கொண்டு, ஒன்றைக் கொண்டுபோய் வைத்துவிட்டு மற்றதை எடுத்துவருவது இன்னும் சிறந்தது. இணைக்கப்படாமல் அலமாரியில் கிடக்கும் தட்டை எந்தத் தீய நிரலாலும் தொட முடியாது என்பதும் இதனால் வரும் நன்மை. வேறிடத்தில் வைக்கும் தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டி வைத்தல் அவசியம். கடவுச்சொல்லைக் குடும்பத்தில் மற்றொருவரும் அறிந்திருத்தல் அதனினும் அவசியம்.

மூன்றாவது பிரதியைக் கட்டணம் செலுத்தி இணையச் சேமிப்பிலும் வைக்கலாம். ஆனால் அதுவும் எங்கோ ஒரு கட்டடத்திலுள்ள யந்திரமே என்பதை மறத்தலாகாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கையாளர் சிலர் தம் பதிவுகளை இழந்தனர்.

கொள்ளளவைக் கணக்கிடுதல்

தேவையான அளவை ஊகத்தால் கூறாமல் கணக்கிட்டே அறிதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆசிரியை ஒருவரும் களப்பணியாளர் ஒருவரும் உள்ள ஒரு குடும்பத்தைக் கொள்வோம். ஒவ்வொன்றும் 4 மெகாபைட் வீதம் 20,000 புகைப்படங்கள் 80 ஜிகாபைட் ஆகும். மணிக்கு 8 ஜிகாபைட் வீதம் 60 மணி நேரப் படப்பதிவுகள் 480 ஜிகாபைட். ஆவணங்கள் 20 ஜிகாபைட். இரு மடிக்கணினிகளின் முழுப் பிரதிகள் 320 ஜிகாபைட். ஆக மொத்தம் 900 ஜிகாபைட்.

ஆண்டுதோறும் 150 ஜிகாபைட் புதிதாய்ச் சேருமெனின், ஐந்தாண்டில் 750 ஜிகாபைட் கூடி, மொத்தம் 1,650 ஆகும். பழைய நிலைப்பதிவுகளுக்காக அதில் கால்பங்கு, அதாவது ஏறக்குறைய 400 ஜிகாபைட் சேர்த்தால் 2,050 ஆகிறது. தட்டு ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரம்பாதிருத்தல் நலம் ஆதலின், 2,560 ஜிகாபைட் தேவை என்று முடிவாகிறது. ஆகவே இக்குடும்பத்துக்கு 4 டெராபைட் தட்டுகள் இரண்டு போதும். 8 அல்லது 12 டெராபைட் தட்டுகளுக்குச் செலவிடுவது வீண்.

இங்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. 4 டெராபைட் என்று அச்சிட்ட தட்டைப் பொருத்தினால் கணினி 3.64 என்றே காட்டக் கூடும். இது மோசடியன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளால் எண்ணுகின்றனர். சில கணினி நிரல்கள் 1,024இன் மடங்குகளால் எண்ணுகின்றன. அளவு ஒன்றே, எண்ணும் முறைதான் வேறு.

தட்டைத் தேர்ந்தெடுத்தல்

இரவும் பகலும் சுழல்வதற்கென்றே தயாரிக்கப்பட்ட தட்டுகள் தனியே விற்கப்படுகின்றன. அவற்றையே வாங்கவேண்டும். மேலும், தட்டில் பதிவுத் தடங்கள் அமைந்துள்ள முறையைக் கவனிக்கவேண்டும். சி.எம்.ஆர். என்னும் முறையில் தடங்கள் ஒன்றன் மேலொன்று படாமல் அடுத்தடுத்து அமைகின்றன. எஸ்.எம்.ஆர். என்னும் முறையிலோ, ஓடு வேய்ந்த கூரையில் ஓர் ஓட்டின் விளிம்பை அடுத்த ஓடு மூடுவது போல், ஒரு தடத்தின் ஓரத்தை அடுத்த தடம் மூடுகிறது. இதனால் குறைந்த பரப்பில் மிகுந்த பதிவுகள் அடங்குகின்றன. ஆனால் இடையிலுள்ள ஓர் ஓட்டை மாற்ற மேலுள்ள ஓடுகளையும் எடுக்கவேண்டியிருப்பது போல், ஒரு தடத்தைத் திருத்தும்பொழுது அதனை அடுத்த தடங்களையும் மீண்டும் எழுதவேண்டியிருக்கிறது.

சாதாரண உபயோகத்தில் இக்குறை தெரிவதில்லை. பழுதான தட்டுக்குப் பதிலாகப் புதியதைச் செருகி நிரப்பும்பொழுதே அது வெளிப்படுகிறது. 4 டெராபைட் தட்டை நிரப்ப நல்ல நிலையில் ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும், எஸ்.எம்.ஆர். தட்டில் இது பல நாட்களாக நீண்டுவிடக் கூடும். அதற்குள் எஞ்சிய ஒரே தட்டும் பழுதானால் எல்லாம் போயிற்று. சேமிப்புப் பெட்டிகளுக்கென விற்கப்பட்ட சில தட்டுகள், வாங்குவோருக்கு அறிவிக்கப்படாமலே இம்முறையில் அமைந்திருந்தமை 2020ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதன் பின் தயாரிப்பாளர்கள் எந்தத் தட்டு எம்முறையைச் சேர்ந்தது என்னும் பட்டியலை வெளியிட்டனர். வாங்குமுன் அப்பட்டியலைப் பார்த்து, சி.எம்.ஆர். தட்டையே தேர்ந்தெடுக்கவேண்டும். இரு தட்டுகளையும் ஒரே நாளில் ஒரே தொகுதியிலிருந்து வாங்காமல், வெவ்வேறு தொகுதிகளிலிருந்து வாங்குதல் நல்லது. ஒரே தொகுதியில் தயாரிப்புக் குறை இருப்பின், இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுதாகக் கூடும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

இரு அறைகளுள்ள பெட்டி பெரும்பாலான குடும்பங்களுக்குப் போதுமானது. ஓர் அறையுள்ள பெட்டி விலை குறைந்ததாயினும், தட்டு பழுதாகும்பொழுது வேலை நின்றுவிடும். சைனாலஜி, கியூநாப் முதலிய தைவான் நாட்டு நிறுவனங்களின் பெட்டிகள் ஆயத்த நிலையில் கிடைக்கின்றன. கணினியில் பழக்கமுள்ளோர் ஒரு பழைய கணினியில் ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் என்னும் இலவச நிரல்களுள் ஒன்றை நிறுவியும் பெட்டியை அமைத்துக்கொள்ளலாம். ஆனால் பராமரிக்கும் பொறுப்பு முழுவதும் அவர்களையே சாரும்.

விலைப்பட்டியலைவிட முக்கியமானது, தயாரிப்பாளர் இன்னும் எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவார் என்பது. இது பெட்டி வெளிவந்த ஆண்டைப் பொறுத்தது. கடையில் விலை குறைத்து விற்கப்படும் பழைய பெட்டிக்கு எஞ்சியுள்ள காலம் குறைவாயிருக்கலாம். தான் பரிந்துரைக்கும் தட்டுகளை மட்டுமே அப்பெட்டி ஏற்குமா, பிற தட்டுகளையும் ஏற்குமா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைப் பொறுத்தவரை, நொடிக்கு ஒரு ஜிகாபிட் செலுத்தும் கேபிள் இணைப்பு போதும். அதன் வழியே நொடிக்கு ஏறக்குறைய 110 மெகாபைட் செல்லும். மேற்கூறிய 900 ஜிகாபைட்டையும் நகலெடுக்க இரண்டேகால் மணி நேரமே ஆகும். ரவுட்டரும் கேபிளும் அவ்வேகத்தை ஏற்பனவா என்று பார்த்தல் வேண்டும். பழைய ரவுட்டர்கள் சில இதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தையே தருவன.

மின்செலவு அதிகமன்று. இரு தட்டுப் பெட்டி சராசரி 20 வாட் கொள்ளுமெனின், ஆண்டு முழுவதும் இயங்கினால் ஏறக்குறைய 175 யூனிட் செலவாகும். ஆனால் மின்தடை இதற்குப் பெரும் பகை. எழுதிக்கொண்டிருக்கும்பொழுது மின்சாரம் நின்றால் கோப்பு முறையே சிதையக் கூடும். வீட்டு இன்வெர்ட்டர் பொறுப்பேற்கும் அந்தச் சிறு இடைவெளியிலும் பெட்டி அணைந்து மீளலாம். ஆகையால் ஒரு சிறு யு.பி.எஸ். சாதனத்தை இணைத்து, அதன் மின்கலம் குறையும்பொழுது பெட்டி தானே முறைப்படி அணையுமாறு யு.எஸ்.பி. கேபிளால் இரண்டையும் தொடர்புபடுத்துதல் வேண்டும்.

வெப்பமும் கவனத்துக்குரியது. இவ்வகைப் பெட்டிகள் பொதுவாக 40 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறை வெப்பத்துக்கே அமைக்கப்படுகின்றன. நம் நாட்டின் பல பகுதிகளில் கோடையில் இந்த அளவு எட்டப்படுகிறது. மூடிய அலமாரியிலோ, ஓட்டுக் கூரைக்கு நேர்கீழேயோ பெட்டியை வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில், தரையினின்று உயர்த்தி வைத்து, விசிறியில் படியும் தூசியை அவ்வப்போது துடைத்துவருதல் வேண்டும்.

வெளியூரிலிருந்து அணுகுதல்

களப்பணியில் உள்ளவர் வீட்டுப் பெட்டியிலுள்ள ஒரு வரைபடத்தையோ, ஆசிரியர் வகுப்பறையிலிருந்தே தம் பாடக் குறிப்பையோ பெற விரும்புவது இயல்பு. இது இயலும். ஆனால் வீட்டுக்குள் நுழைய ஒரு வாயிலைத் திறந்துவைப்பது போன்றதாகையால், மிகுந்த எச்சரிக்கையோடு செய்யவேண்டியது.

ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்து, பெட்டியை நேரே இணையத்தை நோக்கி வைப்பது ஆபத்தானது. இணையத்தில் திறந்திருக்கும் வழிகளை ஓயாமல் தேடும் நிரல்கள் உலகெங்கும் இயங்குகின்றன. 2021 ஜூன் மாதத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘மை புக் லைவ்’ என்னும் வீட்டுச் சேமிப்புச் சாதனங்கள் பல, இணையத்தின் வழியே வந்த கட்டளைகளால் முற்றிலும் துடைக்கப்பட்டன. அச்சாதனத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2015இலேயே நின்றுபோயிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கியூநாப் பெட்டிகள் பலவற்றின் கோப்புகள் ஒரு தீய நிரலால் பூட்டப்பட்டன. தம் வீட்டினுள்ளே பெட்டி பத்திரமாயிருக்கிறது என்று எண்ணியிருந்தவர்களே இரு சந்தர்ப்பங்களிலும் பாதிக்கப்பட்டனர்.

சிறந்த வழி, ‘விபிஎன்’ எனப்படும் மறைவழியை அமைத்துக்கொள்வது. வயர்கார்டு, டெயில்ஸ்கேல் முதலியன இதற்கு உதவுவன. அனுமதி பெற்ற கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் மட்டுமே இவ்வழி திறக்கும். பிறர் கண்ணுக்குப் பெட்டி தென்படாது. ரவுட்டர் தானாகவே வழிகளைத் திறந்துவிடும் யு.பி.என்.பி. என்னும் ஏற்பாட்டை அணைத்துவிடுதல், பெட்டியோடு வரும் ‘அட்மின்’ என்னும் பொதுக் கணக்கை முடக்குதல், இரட்டைச் சரிபார்ப்பை வைத்தல் ஆகியவையும் செய்யத்தக்கன.

நம் நாட்டில் மற்றோர் இடையூறும் உண்டு. இணைய நிறுவனங்கள் பல, ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு அளிக்கின்றன. அத்தகைய வீட்டுக்கு வெளியிலிருந்து நேரே வர இயலாது. ரவுட்டரின் பக்கத்தில் காணும் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், அவ்வீடு இவ்வகையைச் சேர்ந்தது என அறியலாம். இப்பங்கீட்டுக்கென்றே அந்த எண்வரிசை 2012இல் ஒதுக்கப்பட்டது. டெயில்ஸ்கேல் போன்ற ஏற்பாடுகள் இத்தகைய இணைப்பிலும் இயங்குவன.

வேகத்தையும் கணக்கிடவேண்டும். வெளியூரிலிருந்து ஒரு கோப்பைப் பெறும்பொழுது, வீட்டிலிருந்து அது மேலேற்றப்படுகிறது. ஆதலின் விளம்பரத்தில் காணும் இறக்க வேகம் இங்குப் பயன்படாது. ஏற்ற வேகமே கணக்கு. அது நொடிக்கு 20 மெகாபிட் எனின், ஒரு பாடக் குறிப்பு நொடியில் வந்துவிடும். 8 ஜிகாபைட் படப்பதிவுக்கு ஏறக்குறைய 53 நிமிடங்கள் ஆகும். 900 ஜிகாபைட் முழுவதையும் இணையச் சேமிப்புக்கு அனுப்ப நான்கு நாட்களுக்கு மேல் ஆகும்.

அலுவலகப் பதிவுகளைப் பற்றியும் ஒரு சொல். மாணவர்களின் சொந்த விவரங்கள், பயனாளிகளின் பட்டியல்கள் முதலியன தனிமனிதருக்கு உரிய செய்திகள். இவற்றைக் காக்கும் பொருட்டு 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய பதிவுகளை மேலலுவலரின் அனுமதியின்றி வீட்டுப் பெட்டியில் சேர்த்தல் கூடாது.

மீட்டுப் பார்த்தல்

காப்புப் பிரதி எடுக்கப்பட்டது என்று திரை தெரிவிப்பதும், அப்பிரதி உண்மையில் பயன்படுவதும் வேறு வேறு. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனம் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் படத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபொழுது, தவறாக இடப்பட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகளிற் பெரும்பகுதி அழிந்தது. காப்புப் பிரதியை நாடியபொழுது, அது சில காலமாகவே சரிவர எடுக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. தொழில்நுட்பப் பொறுப்பிலிருந்த கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்து வேலைசெய்துவந்தார். அவருடைய வீட்டுக் கணினியில் இருந்த பிரதியைக் கொண்டே படம் மீட்கப்பட்டது. பெரும் பொருட்செலவில் அமைந்த ஏற்பாடு சோதித்துப் பாராமையால் கைவிட்டது. வேறிடத்தில் இருந்த ஒரு பிரதி கைகொடுத்தது.

ஆகவே மூன்று மாதத்துக்கொருமுறை ஏதேனும் பத்துக் கோப்புகளைப் பிரதியிலிருந்து மீட்டு, திறந்து பார்க்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை, வேறிடத்திலுள்ள தட்டைக் கொண்டுவந்து, மடிக்கணினி தொலைந்துபோனதாக வைத்துக்கொண்டு, வேண்டிய அனைத்தையும் பெற முடிகிறதா என்று சோதிக்கவேண்டும். அந்நாளைக் களப் புத்தகத்திலோ நாட்குறிப்பிலோ எழுதிவைத்தல் நன்று.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்?

தனி ஒருவராக இருந்து, பதிவுகள் 500 ஜிகாபைட்டுக்குள் அடங்குமெனின், இப்பெட்டி தேவையில்லை. இரு வெளித்தட்டுகளை வாங்கி, வாரந்தோறும் நகலெடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைத்து மாற்றிவருவதே போதும். செலவும் மிகக் குறைவு. பலர் உள்ள குடும்பத்துக்கும், பதிவுகள் ஆண்டுதோறும் பெருகுவோர்க்கும், வெளியூரிலிருந்து அடிக்கடி கோப்புகள் தேவைப்படுவோர்க்கும் பெட்டி பெரிதும் பயன்படும்.

பெட்டியை வாங்குவோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். கையிலுள்ள பணத்தில் பெட்டிக்கும் இரு தட்டுகளுக்கும் யு.பி.எஸ். சாதனத்துக்கும் வேறிடத்தில் வைக்கும் வெளித்தட்டுக்கும் சேர்த்தே திட்டமிடவேண்டும். பணம் போதாதெனின் பெட்டியின் தரத்தில் ஒரு படி குறைத்துக்கொள்ளலாம். வெளித்தட்டைக் குறைத்தல் ஆகாது. விலையுயர்ந்த பெட்டியில் ஒரே இடத்தில் இருக்கும் பதிவைவிட, எளிய சாதனங்களில் ஈரிடத்தில் இருந்து, மீட்டுப் பார்க்கப்பட்ட பதிவே பாதுகாப்பானது. மீண்டும் அளக்க இயலாத மழையளவைக் குறித்துவைத்தவருடைய உழைப்பு, அதன்பின் அது எத்தனை இடங்களில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே நிலைக்கும்.